மூன்று கட்டங்களுக்கும் பொட்டு

சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்
3 நவம்பர் 2003

அண்ணிக்கு,

காந்தா எழுதுகிறேன். என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்பது வருஷத்தில் உங்களுக்குக் கடிதம் எழுதும் தேவை வந்ததில்லை. பெங்களூருக்குள்ளேயே எங்கள் ஸ்ரீராம்புரத்துக்கும் உங்கள் பொம்மனஹள்ளிக்கும் நடுவில் எதற்குக் கடிதம்? போனில் பேசலாம் என்று பூத் வரை போய்த் திரும்பி வந்தேன். உங்களிடம் நேரில் பேசும்போதே எனக்குப் பாதி வார்த்தை வராது.

உங்கள் தம்பி சொன்னாரா இல்லையா, தெரியவில்லை. நான் எங்கள் அண்ணன் எத்திராஜ் வீட்டில் இருக்கிறேன். விஜயதசமி கழிந்து திங்கட்கிழமை உங்கள் கார் பாகக் கம்பெனிக்கு நம் அச்சுக் கடையில் நாங்கள் லேபிள் ஒட்டி அனுப்பிய பெட்டிகள் எல்லாம் ஜப்பான் கார் கம்பெனி வரை போய்த் திரும்பிவிட்டன. லேபிளில் புள்ளி புள்ளியாக இருக்கும் சதுரத்தை, க்யூஆர் கோடு என்கிறார்களே, அதை அங்கிருக்கும் மெஷின் படிக்கவில்லை. ஆயுத பூஜை அன்று நான் ஒவ்வொரு லேபிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். அதனால்தான் என்று உங்கள் கம்பெனியில் சொன்னார்களாம். இனி லேபிள் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். மெதுவாகத்தான் சொன்னார். "உன் பொட்டாலதான் என் தொழில் போச்சு. எத்திராஜ் வீட்டுக்குப் போய்ச் சேரு." நான்கு நாளில் கூப்பிடுவார் என்று நினைத்து இரண்டு புடவைதான் எடுத்து வந்தேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

உங்களுக்கு அந்தக் கோடு பற்றித் தெரியும். நீங்கள்தான் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை சின்னப் பொட்டு அவ்வளவு பெரிய மெஷினை நிறுத்துமா?

காந்தா


பொம்மனஹள்ளி, பெங்களூர்
12 நவம்பர் 2003

காந்தா,

கடிதம் வந்தது. நீ ஊருக்குப் போனது எனக்குத் தெரியாது. கோவிந்தன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நிறுத்தும். உனக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

சோப்பு உறையில் இருக்கும் கோடுகளைப் பார்த்திருப்பாய். அதில் விஷயம் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில்தான் இருக்கும். இந்தச் சதுரத்தில் குறுக்கிலும் நெடுக்கிலும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை சின்ன இடத்தில் பாகத்தின் பெயர், எண், எந்த மெஷினில் எந்தத் தேதியில் செய்தது என்று எல்லாம் அடங்குகிறது. கறுப்புப் புள்ளி ஒன்று, வெள்ளைப் புள்ளி சைபர். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அழிந்தாலும் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ள உபரியாகக் கொஞ்சம் எண்களைச் சேர்த்தே அடித்திருப்பார்கள். நாங்கள் வைத்திருக்கும் அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கெட்டுப்போனாலும் மெஷின் சரியாகப் படித்துவிடும். எண்ணெய்க்கறை, கீறல், ஈரம் எல்லாம் தாங்கும்.

ஆனால் மூன்று மூலைகளில் பெரிய கட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அந்த உபரி கிடையாது. மெஷின் முதலில் அவற்றைத்தான் தேடும். எந்தப் பக்கமிருந்து கடந்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வர வேண்டும். அகலம் ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று. அந்த விகிதம் கிடைத்தால்தான் 'கோடு இங்கே இருக்கிறது' என்று அதற்குத் தெரியும். நான்காவது மூலையில் கட்டம் இல்லாததை வைத்துத் தலை எது, கால் எது என்று கண்டுபிடிக்கும். கார் கம்பெனியில் இருக்கும் மெஷின் சிவப்பு விளக்கில் பார்க்கிறது. சிவப்பு விளக்கில் குங்குமம் சிவப்பாகத் தெரியாது, காகிதம் மாதிரி வெளுப்பாகத் தெரியும். சந்தனமும் அப்படித்தான். நீ கட்டத்தின் நடுவில் வைத்த பொட்டு அந்த மூன்று பங்கு கறுப்பைத் தின்றுவிட்டது. மெஷினுக்கு அங்கே கோடே இல்லை.

அதே பொட்டை ஒன்றே ஒன்றாகச் சதுரத்தின் உள்ளே வேறு எங்காவது வைத்திருந்தால் அநேகமாகப் படித்திருக்கும்.

பெட்டிகளை எங்கள் பக்கத்தில் ஒரு முறை படித்துப் பார்க்காமலே லாரியில் ஏற்றினார்கள். அது எங்கள் கம்பெனியின் தவறு. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை.

இதை உனக்கு ஆறுதலாக எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

பார்கவி


சாம்பியன் ரீஃப்ஸ்
20 நவம்பர் 2003

அண்ணிக்கு,

மூன்று தடவை படித்தேன். உபரி எண் கணக்குப் புரியவில்லை. மூலைக் கட்டம் புரிந்தது. நன்றாகவே புரிந்துவிட்டது.

அந்தக் கட்டங்கள் பொட்டு வைக்க விட்ட இடம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவித்தானே முதல் பத்திரிகை கொடுக்கிறோம்? நம் கடையில் அத்தனை வருஷம் பத்திரிகைதானே அடித்தோம்? இந்த லேபிளைப் பார்த்தால் மூலைக்கு மூலை கட்டம் போட்டு, கட்டத்துக்குள் கட்டம் போட்டு, நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு இடம். நான்காவது மூலையில் ஏன் இல்லை என்று யோசித்தேன். அச்சில் விட்டுப்போயிற்று என்று அங்கேயும் ஒன்று வைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் அப்பா பௌத்தர். சுரங்கத்துக்குப் போன காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான். கதவுக்கு மஞ்சள் கிடையாது, கத்திக்குக் குங்குமம் கிடையாது. இதெல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். முதல் ஆயுத பூஜைக்கு நான் தராசுக்குப் பொட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். உங்கள் அம்மா பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கோலார்லேர்ந்து புடிச்சிட்டு வந்தானே, சாமி கும்புடவே தெரியாத ஜனம். பொட்டு எங்க வைக்கணும்னுகூட ஒவ்வொண்ணா காமிக்கணும்." அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை. ஸ்டேப்ளருக்குக்கூட வைத்திருக்கிறேன். நீங்கள் பொட்டே வைப்பதில்லை. உங்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நீங்கள் அந்த வீட்டில் பிறந்தவர்.

ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் படித்தவர், சொன்னால் அவர் நம்புவார். மை சரியில்லை என்று சொல்லுங்கள், மெஷின் பழசு என்று சொல்லுங்கள். பொட்டு காரணமில்லை என்று ஒரு வார்த்தை போதும். கம்பெனிக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு மட்டும்.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த லேபிள் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதே லோடுக்கு அடித்ததில் மிஞ்சியது, பொட்டு வைக்காதது. அதில் வேறு ஏதாவது குறை தெரிகிறதா என்று பாருங்கள்.

காந்தா


பொம்மனஹள்ளி
1 டிசம்பர் 2003

காந்தா,

நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல எனக்கு வராது. அதை என்னிடம் கேட்காதே.

ஆனால் தாளை அனுப்பியது நல்லதாயிற்று. அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் எங்கள் ரீடரில், அதாவது கோடு படிக்கும் கைமெஷினில், ஒவ்வொரு லேபிளாகக் காட்டினேன். பொட்டு இல்லாத தாள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை ரீடர் படிக்கவில்லை. சில லேபிள்களைச் சாய்த்துக் காட்டினால் படித்தது, நேராகக் காட்டினால் படிக்கவில்லை.

காரணம் கண்ணுக்கே தெரிகிறது. இந்தச் சதுரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வெறும் வெள்ளை இடம் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் புள்ளியைப்போல் நான்கு புள்ளி அகலம். அங்கே எழுத்து, படம், எதுவும் வரக் கூடாது. கோடு எங்கே முடிகிறது, மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று மெஷினுக்குத் தெரிவது அந்த வெறுமையால்தான். கோவிந்தன் முதலில் கொண்டுவந்து ஒப்புதல் வாங்கிய மாதிரியில் அந்த இடம் சரியாக இருந்தது. பிறகு, யாரையும் கேட்காமல், சுற்றிலும் ஒரு கொடி பார்டர் போட்டிருக்கிறான். கல்யாணப் பத்திரிகையில் போடுவானே, அந்த இலைக்கொடி. சதுரத்தை ஒட்டி, மூச்சு விட இடமில்லாமல். மொட்டையாக இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

அடித்த ஒவ்வொரு தாளையும் ஒரு ரீடர் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அதை நான் அவனிடம் முதல் நாளே சொன்னேன். ரீடர் வாங்கவில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி நன்றாகத்தான் இருக்கும். நல்ல கோடும் கெட்ட கோடும் மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை.

ஆக, நீ பொட்டே வைக்காமல் இருந்திருந்தாலும் அந்த லோடு திரும்பியிருக்கும். ஒரு பகுதி லேபிள்தான் கெட்டது என்றாலும், ஒரு பெட்டியைப் படிக்க முடியாவிட்டாலே மொத்தத்தையும் திருப்புகிறவர்கள் அவர்கள். இது உண்மை. இதைச் சொல்ல நீ என்னிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் போகிறேன். தாளையும் ரீடரையும் எடுத்துப் போகிறேன்.

பார்கவி


பொம்மனஹள்ளி
9 டிசம்பர் 2003

காந்தா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். போய்விட்டு வந்தேன்.

கோவிந்தன் கடையில்தான் இருந்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். நான் ரீடரை எடுத்து, தாளைப் பலகையில் விரித்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். படித்தால் 'பீப்' என்று சத்தம் வரும். சத்தம் வராத இடத்தில் எல்லாம் பேனாவால் குறி போட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு பார்டரை விரலால் தொட்டான்.

"இந்தக் கொடியா?"

"ஆமா. நாலு பக்கமும் வெறுமையா விடணும்னு அப்பவே சொன்னேன்."

"வெறிச்சுனு இருந்துச்சு. துக்கக் கார்டு மாதிரி. நம்ம கடை பேருல போற சரக்கு."

உன் பொட்டு மட்டும் காரணமில்லை என்றேன். அவன் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தான். பிறகு கேட்டான்: "நீ இப்ப எதுக்கு வந்தேக்கா? அவளைக் கூட்டிக்கோன்னு சொல்லவா, நான் மடையன்னு சொல்லவா?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துத்தான் அங்கே போனேன். அதைச் சொல்லவும் சொன்னேன். அது தவறு.

அவன் சிரித்தான். "உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு இல்ல. இந்தத் தெருவுல பால்காரன்லேர்ந்து அத்தனை பேரும் 'ஏனாய்த்து, என்ன ஆச்சு'ன்னு கேட்டாச்சு. அவ பொட்டு வெச்சா, மெஷின் படிக்கல, அதான் அனுப்பிட்டேன்னு நானும் சொல்லியாச்சு. பொட்டுன்னா எல்லாருக்கும் புரியுது. மார்ஜின்னா எவனுக்குப் புரியும்? இப்ப போயி, அவ மேல தப்பு இல்லீங்க, நான்தான் பூக்கொடி போட்டேன்னு வீடு வீடா சொல்லவா?"

"வீடு வீடா சொல்ல வேண்டாம். அவகிட்ட சொன்னாப் போதும்."

"அவகிட்ட சொல்றதுதான் கஷ்டம்" என்றான்.

ரீடரைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். காப்பி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்டாலும் பால் இருந்திருக்காது.

பொங்கலுக்குள் மனம் மாறலாம். மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பார்கவி


சாம்பியன் ரீஃப்ஸ்
18 டிசம்பர் 2003

அண்ணிக்கு,

நீங்கள் போனதற்கு நன்றி. ஆனால் போயிருக்க வேண்டாம். மை சரியில்லை என்று ஒரு பொய் கேட்டேன். நீங்கள் அவருக்கு ஒரு உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள். பொய்யாக இருந்திருந்தால் மை மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டிருப்போம்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, எத்திராஜ் அண்ணனிடமும்.

பூஜை அன்று மெஷினுக்கும் கட்டருக்கும் வைத்துவிட்டு நான் தட்டைக் கீழே வைத்தேன். பெட்டிகள் எல்லாம் அடுக்கியிருந்தன. அவர் சொன்னார், "போற சரக்குக்கும் வை. முதல் பெரிய லோடு. ஒண்ணுகூட விடாத." நான் லேபிளைப் பார்த்தேன். ரொம்ப நுணுக்கமாக இருந்தது. எனக்கே ஏதோ தோன்றிற்று. "இந்தக் கறுப்புக் கட்டத்து மேலயா?" என்று கேட்டேன். "பின்ன எங்க வைப்ப? அதுக்குத்தான மூணு இடம் விட்டு வெச்சிருக்கான் ஜப்பான்காரன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் வைத்துக்கொண்டே போனேன், அவர் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

நான்காவது மூலை மட்டும்தான் என் யோசனை.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, "யார் வெச்சது?" என்றார்கள். "என் பெண்டாட்டி" என்றார். அது பொய் இல்லை. நான்தான் வைத்தேன். மிச்சத்தையும் அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். ஆள் போன பிறகு சொல்வார், ராத்திரி சொல்வார், நான் பஸ் ஏறும்போதாவது சொல்வார் என்று. இங்கே வந்தும் காத்திருந்தேன்.

இதை அவரிடம் கேட்காதீர்கள். கை கூப்பிக் கேட்கிறேன். நானாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் அப்புறம் நான் அந்த வாசல்படி ஏறவே முடியாது. எங்களைப் பிடித்து வைக்க ஒரு குழந்தைகூட இல்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் காலை ரயிலில் வருகிறேன். கூப்பிடாமலே போய் நிற்கப்போகிறேன்.

காந்தா


பொம்மனஹள்ளி
17 ஜனவரி 2004

காந்தா,

நீ வந்தது, கதவு பூட்டியிருந்தது, சாந்தகுமாரி வீட்டு வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தது, எல்லாம் அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். என் வீட்டுக்கு வந்திருக்கலாம். நான் அன்று அலுவலகத்தில் இருந்தாலும் சாயங்காலம் வந்துவிடுவேன். ஆட்டோக்காரனிடம் பொம்மனஹள்ளி என்றால் கொண்டுவந்து விட்டிருப்பான்.

கோவிந்தன் அப்போது உள்ளே இல்லை. அது மட்டும் நிச்சயம். ஓசூரில் ஒரு பெரிய பிரஸ்ஸில் ஆபரேட்டராகச் சேர்ந்துவிட்டான். மெஷினை விற்றுவிட்டான். பொங்கல் அன்று என் வீட்டுக்கு வந்தான்.

நீ கேட்காதே என்று சொன்னதை நான் கேட்கவில்லை. உன் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பூஜை அன்னிக்கு நீ எங்க இருந்தே?" என்றேன். அவ்வளவுதான். அதுவும் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. தட்டில் பொங்கல் இருந்தது. அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை.

அப்புறம் சொன்னான்: "நீ எம்.எஸ்ஸி. படிச்சவ. எந்தத் தப்பு எந்த மூலைல ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிச்சுடுவ. கண்டுபிடிச்சதுக்கப்புறம் அவளும் நானும் ஒரே தட்டுல எப்படி சாப்புடறதுன்னு உன் மெஷின் சொல்லுமா?"

"அவ உன்மேல குத்தம் சொல்லல" என்றேன்.

"அதாங்க்கா. சொல்ல மாட்டா. தினமும் சொல்லாம இருப்பா. அதை நான் தினமும் பார்க்கணும்."

அவனுக்குத் தெரியும், காந்தா. தெரியாமல் உன்னை ஒதுக்கவில்லை. தெரிந்ததால்தான் ஒதுக்குகிறான். இத்தனை நாள் தெரியாது என்று நினைத்துத்தான் நான் அந்தத் தாளையும் ரீடரையும் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

வக்கீலைப் பார்த்திருக்கிறான். உனக்கு நோட்டீஸ் வரும். யார் மூலமாகவோ தெரிவதைவிட என்னிடமிருந்து தெரியட்டும்.

என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. நான் தனியாக இருக்கிறேன், பேச்சு குறைவு, சமையலும் சுமார். நீ வந்து இருக்கலாம். பொம்மசந்திராவில் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன். இதை இரக்கத்தில் எழுதுவதாக நினைக்காதே. வேறு எதில் எழுதுகிறேன் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

பார்கவி


சாம்பியன் ரீஃப்ஸ்
15 பிப்ரவரி 2004

நோட்டீஸ் வந்தது. எத்திராஜ் அண்ணன் படித்துக் காட்டினார். மனம் ஒத்துப்போகாததால் இருவரும் சம்மதித்துப் பிரிவதாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் இத்தனை நாளாக எழுதிக்கொண்டோமே, அதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. அண்ணன் கையெழுத்துப் போடாதே, கோர்ட்டில் பார்ப்போம் என்று குதித்தார். நான் போட்டு அனுப்பிவிட்டேன். அரை நாள் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவளுக்குக் கோர்ட்டில் என்ன பார்க்க இருக்கிறது?

உங்கள் அறை விஷயம். நன்றாக யோசித்தேன். அண்ணிக்கு, "கூப்பிட்டிருக்காங்கல்ல, போயேன்" என்றுதான் எண்ணம். எத்திராஜ் அண்ணன் மனைவி சீதாலட்சுமியைச் சொல்கிறேன். இந்தச் சின்ன குவார்ட்டர்ஸில் நான் இருப்பது அவருக்குக் கஷ்டம்தான். ஆனால் உங்கள் வீட்டில் நான் யாராக இருப்பது? பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? தம்பி பெண்டாட்டி என்று சொல்ல முடியாது. வேலைக்காரி என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அவர்கள் நினைப்பார்கள். தோழி என்றால் நாம் அப்படி இருந்ததில்லை. ஒன்பது வருஷத்தில் நீங்கள் என்னோடு பேசியதைவிட இந்த நான்கு கடிதத்தில் பேசியது அதிகம். அதுவும் நான் அங்கே இல்லாததால்தான்.

பங்காருபேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். காலர் தைக்கும் லைன். சேரும்போது கணவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பா பெயரைப் போடச் சொன்னேன். எழுதினவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நானும் எழுத வேண்டும். நேற்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க உட்கார்ந்தபோதுதான், இனி உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வயசு இல்லை உங்களுக்கு. மேடம் என்றால் நன்றாக இல்லை. ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். அதனால்தான் மேலே ஒன்றும் எழுதாமல் ஆரம்பித்துவிட்டேன்.

காந்தா